274093: பயன்பாட்டில் உள்ள எண்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற டைம் கீப்பர்,
பேருந்துப் பணிமனை,
(வீடு) கதவு எண் 14, மாடி,
மூன்றாம் குறுக்குத் தெரு.

பெறுநர்:
உயர்திரு கோட்டப் பொறியாளர் அவர்கள்,
தொலைபேசி நிலையம்,
முதல் தளம்.

பொருள்: தரைவழித் தொலைபேசி எண் 274093 – பயன்பாட்டில் இல்லை எனத் தவறாக முடிவு செய்து 06.08.2019 அன்று துண்டித்தது – அதே எண்ணை அதே வீட்டுக்குத் திரும்ப வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் மனு, நாள் 07.08.2019.
2. என் மனு, நாள் 21.08.2019.
3. என் மனு, நாள் 29.08.2019.
4. மேற்படி மூன்றுக்கும் தங்கள் அலுவலகம் அனுப்பிய, ஓர் எழுத்தும் மாறாத மூன்று குறுஞ்செய்திகள்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. இது என் நான்காவது மனு. முதல் மூன்றும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் மறுநாளே பதில் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" என்பதே அந்தப் பதில். தீர்க்கப்பட்ட புகாரை எதற்காக நான்காம் முறை எழுதுகிறேன் என்று தங்களுக்குத் தோன்றலாம். அதை விளக்கவே இத்தனை பக்கம். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நான் தங்கள் அலுவலகத்தில் இதுவரை மொத்தம் பதினொன்றரை மணி நேரம் பொறுமையாக நின்றிருக்கிறேன்.

2. இருபத்தொன்பது ஆண்டுகள் பணிமனை வாசலில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதியவன் நான். அந்தப் பழக்கம் விடவில்லை. ஆகையால் கீழே வரும் நேரங்கள் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தவை. பிறர் பேசியதையும் அவர்கள் சொன்னது சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மெருகேற்றினால் பிறகு யாரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று கையை விரிக்கக்கூடும்.

3. வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, என் மூத்த சகோதரி (இனி 'அக்கா'). அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவர். வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்த வார்டு, எந்த டாக்டர் என்று கேட்டு இணைப்புக் கொடுப்பது அவர் வேலை. நான்கு ஆண்டுகளாக அவருக்கு நினைவு தவறி வருகிறது. சாப்பிட்டது நினைவில்லை. என் மனைவியை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு லீவு கேட்கிறார். என்னை மட்டும் "தம்பி" என்று சரியாகக் கூப்பிடுகிறார். திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

4. காலையில் சில நாள் புடவையை ஒழுங்காகக் கட்டி, தலையை வாரிக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். கதவைப் பூட்டிப் பார்த்தோம். கதவைத் தட்டித் தட்டி மணிக்கட்டு வீங்கிவிட்டது. பூட்ட வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கண் இமைக்காமல் பார்த்துக்கொள்கிறோம். ஆனாலும் மனிதன் குளிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

5. எல்லாம் மறந்த அக்காவுக்கு ஒன்று மட்டும் மறக்கவில்லை. அது 274093. இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் வீட்டு எண். வழி தவறி நிற்கும் அவரிடம் யார் போய், "எங்கம்மா போகணும்?" என்று கேட்டாலும் தெருவைச் சொல்ல மாட்டார், என் பெயரைச் சொல்ல மாட்டார், எண்ணைச் சொல்வார். இருபத்தேழு, நாற்பது, தொண்ணூற்று மூன்று என்று இரண்டிரண்டாகப் பிரித்து, பழைய டியூட்டிக் குரலில் சொல்வார். சொல்லிவிட்டு, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். ஒரு இலக்கம் பிசகினால் விட மாட்டார். சாவி செய்யும் கடைக்காரர் ஒருவர் 12.02.2019 அன்று பகல் 11.20-க்கு அழைத்து, "சார், ஒரு அம்மா இங்க வந்து நிக்கிறாங்க. நம்பர சொல்லிட்டு, திருப்பிச் சொல்லுங்கன்னு என்னயவே அதட்டுறாங்க. சீக்கிரம் வாங்க, கடையில கூட்டம் சேருது," என்றார். இப்படி இரண்டு ஆண்டில் எட்டு முறை. எட்டு முறையும் ஒன்றே கால் மணி நேரத்துக்குள் அக்கா வீட்டில் இருந்தார். அந்த எட்டு நல்லவர்களில் ஒருவரைக்கூட எனக்கு முன்பின் தெரியாது.

6. இனி என் குற்றம். மனுவில் மறைப்பதற்கில்லை. அக்காவைப் பார்த்த யாரோ அழைக்கும் நேரத்தில் லைன் வேலையாக இருந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில், 2018 ஜூன் முதல் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். அந்தத் தொலைபேசியிலிருந்து யாரும் யாருக்கும் பேசக் கூடாது. அது அக்காவின் போன். எங்கள் பேச்சுக்கு மகள் வாங்கித் தந்த செல்போன் இருக்கிறது. உறவினர்கள் எல்லோருக்கும் செல் எண்ணைக் கொடுத்து, பழைய எண்ணுக்கு அழைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். மைத்துனர் ஒருவர் மறந்து அழைத்தபோது, நலம் விசாரிக்கக்கூட விடாமல் வைத்துவிட்டேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. தினமும் காலை எட்டு மணிக்கும் மாலை எட்டு மணிக்கும் ரிசீவரை எடுத்து, டயல் டோன் வருகிறதா என்று கேட்டு, வைத்துவிடுவேன். என் மனைவி, "ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாருக்காவது போட்டுப் பேசுங்களேன், காட்சிக்கா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் அவரை அதட்டினேன். அந்த அதட்டலுக்கு இங்கே அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் இன்னும் கேட்கவில்லை.

7. 06.08.2019 காலை எட்டு மணிக்கு டயல் டோன் இல்லை. தெருவில் எங்கோ பள்ளம் தோண்டி ஒயரை அறுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் தங்கள் அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டரில் இருக்கும் அம்மையார் கணினியைப் பார்த்து, "சார், உங்க லைன் ரிப்பேர் இல்ல. சரண்டர் ஆயிருக்கு," என்றார். நான் சரண்டர் செய்யவில்லையே என்றேன். "நீங்க பண்ணல சார். சிஸ்டம் பண்ணியிருக்கு," என்றார். தொடர்ந்து நூற்றெண்பது நாள் வெளியே ஒரு அழைப்பும் போகாத இணைப்புகளை, பயன்பாட்டில் இல்லாதவை என்று இந்த ஆண்டு முதல் கணினியே நீக்கிவிடுகிறதாம். கட்டணம் ஒரு மாதமும் தவறியதில்லை என்பதோ, உள்ளே அழைப்புகள் வந்திருக்கின்றன என்பதோ கணக்கில் வராதாம். ஒரு வீட்டில் போன் பேசுவதற்கு மட்டும்தான் வைத்திருப்பார்கள் என்று யார் முடிவு செய்தது? மணி அடிப்பதற்காகவும் வைத்திருப்பார்கள், ஐயா.

8. துண்டிக்கும் முன் எனக்கு அறிவிப்பு வந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். அனுப்பியாயிற்று என்றார். எப்படி? குறுஞ்செய்தியாக. எந்த எண்ணுக்கு? அம்மையார் கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதிவான தொடர்பு எண் என்ற இடத்தில் 274093 என்று இருந்தது. அதாவது, சுவரில் ஒயரோடு மாட்டியிருக்கும், எழுத்தே தெரியாத ஒரு கறுப்புப் பெட்டிக்கு, "உங்கள் இணைப்பு முப்பது நாளில் நீக்கப்படும், ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்கவும்" என்று தங்கள் துறை மூன்று முறை செய்தி அனுப்பியிருக்கிறது. பெட்டி ஆட்சேபிக்கவில்லை. அம்மையார் நல்லவர். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

9. மனுவைப் பெற்றுக்கொள்ள என் செல்போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றார்கள். செல் எண்ணைக் கேட்டார்கள். பத்து இலக்கம். எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியின் மளிகை நோட்டின் அட்டையில் பார்த்து எழுதிக்கொண்டு மீண்டும் போனேன். அதற்குள் சாப்பாட்டு இடைவேளை.

10. "அந்தம்மாவுக்கே ஒரு செல்போன் வாங்கிக் குடுத்துருங்க சார், பிரச்சினை முடிஞ்சுது" என்று தங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் தனித்தனியாக யோசனை சொன்னார்கள். எனக்குத் தோன்றாமல் இல்லை. வாங்கிக் கொடுத்தோம். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கு லைன் எங்கேருந்து வருது?" என்று கேட்டார். ஒயர் கிடையாது, காற்றில் வருகிறது என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார். நினைவு தவறியது எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார் போலும். மறுநாள் அந்தப் போன் சோப்புப் பெட்டிக்குள் கிடந்தது. புது எண்ணை மனப்பாடம் செய்விக்கப் பத்து நாள் உட்கார்ந்தேன். முதல் இரண்டு இலக்கம் சொல்வார், பிறகு வண்டி பழைய தடத்துக்குத் திரும்பி நாற்பது, தொண்ணூற்று மூன்று என்று நிற்கும். கழுத்தில் அட்டை மாட்டினோம். "நான் என்ன பார்சலா?" என்று கழற்றி என் கையில் கொடுத்தார். என் மனைவி அவருடைய ரவிக்கையின் கையில் எண்ணை நூலால் தைத்தார். அதைக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக, துணி கிழியாமல் பிரித்து எடுத்துவிட்டார். அந்த வேலைக்கு மட்டும் கை நடுங்கவில்லை.

11. தங்கள் லைன்மேன் ஒருவரை 19.08.2019 அன்று தெருவில் பிடித்தேன். கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, "ஒயரு நல்லாத்தான் சார் இருக்கு. உள்ள ரெண்டு நிமிஷ வேலை. ஆனா மேல இருந்து ஆர்டர் வரணும்," என்றார். மேல என்றால் யார் என்று கேட்டேன். அவர் தங்கள் அலுவலகத்தின் முதல் தளத்தைக் கை காட்டினார். ஆகவே இந்த மனு தங்கள் பெயருக்கு.

12. 21.08.2019, புதன்கிழமை. காலை 9.35-க்கு நான் தங்கள் அலுவலக வரிசையில், பார்வை 2-இல் கண்ட மனுவோடு, ஏழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தேன். அதே 9.35-க்கு என் மனைவி குளியலறையில் இருந்தபோது அக்கா வீட்டை விட்டுக் கிளம்பினார். நான் விஷயம் அறிந்தது 10.10-க்கு, மனுவைக் கவுண்டரில் கொடுத்து முடித்த கையோடு. என் மனைவி செல்லில் அழைத்தார். தங்கள் கட்டடத்துக்குள் சிக்னல் இல்லாததால் நான்காவது முறைதான் மணி அடித்தது. தொலைபேசி நிலையத்துக்குள் சிக்னல் இல்லை என்பதைத் தனிப் புகாராகப் பிறகு எழுதுகிறேன்.

13. முன்பெல்லாம் இந்தச் சமயத்தில் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். மணி அடிக்கும். இந்த முறை உட்கார ஓர் இடம் இல்லை. தெருத் தெருவாக ஓடினேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் என் பழைய பணிமனைக்குப் போனேன். இப்போதைய டைம் கீப்பர் நான் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து, வெளியே போகும் ஒவ்வொரு வண்டியின் கண்டக்டரிடமும் அடையாளம் சொல்லி அனுப்பினார். மாலை 6.05-க்கு ஒரு கடைசி நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருப்பதை ஒரு கண்டக்டர் பார்த்தார். எட்டரை மணி நேரம். பாதம் இரண்டும் கொப்புளம். ஒரு செருப்பு இல்லை. மடித்த சீட்டு ஒன்று கைக்குள் இருந்தது.

14. அது ஒரு மருந்துக் கடை ரசீது. பின்பக்கம் யாரோ 274093 என்று எழுதி அடித்திருந்தார்கள். அதன் கீழ் 274039 என்று எழுதி அடித்திருந்தார்கள். அதன் கீழ் 247093. அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. இப்படி ஆறு எண்கள். மறுநாள் அந்தக் கடையைத் தேடிப் போனேன். கடைக்காரர் நான் நீட்டிய சீட்டைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவர் சொன்னது இது: "அந்தம்மா தெளிவாத்தான் சார் சொன்னாங்க. போட்டுப் பாத்தேன், அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு வருது. அவங்களுக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன். அம்மா, நம்பர் தப்பு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னேன். அதையேதான் சொன்னாங்க. ஒருவேளை மாத்திச் சொல்றாங்களோன்னு நானே முன்ன பின்ன போட்டுப் பாத்தேன். ஒண்ணு டயர் கடைக்குப் போச்சு. மத்தது எடுக்கல. போலீசுக்குச் சொல்லலாம்னு நெனச்சு ஒருத்தருக்கு மருந்து எடுத்துக் குடுத்துட்டுத் திரும்பினா, ஆளக் காணோம்." அவர் மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. அவர் செய்ய வேண்டியதற்கு மேலேயே செய்தார். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன் (இணைப்பு 1).

15. "இது செல்போன் காலம் சார், நாமதான் மாறிக்கணும்" என்று தங்கள் உதவிப் பொறியாளர் போன மாதம் 29-ஆம் தேதி எனக்கு அறிவுரை சொன்னார். மாறுவதில் எனக்கு ஆட்சேபனை எதுவும் இல்லை. எனக்குக் கைபேசி மீது காழ்ப்பு இல்லை. அதில்தான் மகளின் முகத்தைப் பார்க்கிறேன், அதில்தான் கரண்ட் பில் கட்டுகிறேன். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீட்டில் இருபத்தொரு வீடு தரைவழி இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நல்லது, அவர்களால் முடிந்தது. மாற முடியாத ஒருவருக்காக மாறாத ஒன்றைக் கேட்கிறேன். இதற்கு விதியில் இடமில்லை என்கிறார் அவர். விதி எண்ணைக் கேட்டேன். குறுஞ்செய்தியில் அனுப்புவதாகச் சொன்னார்.

16. மேலும் இம்மாதம் 30-ஆம் தேதியோடு எங்கள் பகுதியின் தரைவழிப் பிரிவையே மூடப் போவதாகவும், அதற்குள் இணைப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் கண்ணாடி இழையில் வேலை செய்யும் புதிய கருவிக்குப் பழைய எண்ணை மாற்றித் தருவார்கள் என்றும், பிறகு தலைகீழாக நின்றாலும் அந்த எண் கிடைக்காது என்றும் லைன்மேன் சொல்லி அறிகிறேன். இதைத் தங்கள் அலுவலகம் எனக்குச் சொல்லியிருக்கலாம். இன்று 12-ஆம் தேதி. பதினெட்டு நாள் இருக்கிறது.

17. இதுவரை எழுதியதில் பெரும்பகுதி முந்தைய மனுக்களில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. இனி எழுதுவது புதிது. இதை எழுதத்தான் நான்காவது மனு.

18. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அக்கா எண்ணைச் சொல்வதில்லை. வீட்டில் தினமும் ஒரு தடவை நான் கேட்பது வழக்கம், நினைவில் இருக்கட்டும் என்று. இப்போது கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். முந்தாநாள் பக்கத்து வீட்டுக்காரர் விளையாட்டாகக் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதுங்க. நான் சொல்றது தப்பாம்," என்றார். நினைவிருக்கிறது, ஐயா. இரவு துணி மடிக்கும்போது தனக்குள் முணுமுணுப்பதை என் மனைவி கேட்டிருக்கிறார். இருபத்தேழு, நாற்பது என்று தொடங்கி, நிறுத்திவிடுகிறாராம்.

19. நீ சொன்னது சரிதான் அக்கா என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். நம்பவில்லை. நான் தம்பிதானே. அப்போது நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். வேண்டுமானால் பார் என்று கோபத்தில் செல்போனை எடுத்து, அவர் கண் முன்னாலேயே 274093-க்குப் போட்டுவிட்டேன். துண்டிக்கப்பட்ட எண் என்பது அந்த ஒரு நொடி மண்டையில் ஏறவில்லை. இருபத்தாறு வருட வீட்டு எண், கை தானாகப் போய்விட்டது. தங்கள் துறையின் பெண் குரல் நிதானமாக, அழகான உச்சரிப்பில், இப்படி ஓர் எண் இல்லை, தயவு செய்து எண்ணைச் சரிபார்க்கவும் என்று சொன்னது. அக்கா முழுக்கக் கேட்டார். முப்பத்தோரு ஆண்டுகள் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பேசுவது போன்ற குரல். "டியூட்டில இருக்கறவ எதுக்குடா பொய் சொல்லப் போறா? எனக்குத்தான் கொழம்பிருச்சு தம்பி," என்றார். அழவில்லை. நான்தான் எழுந்து வெளியே போனேன்.

20. எல்லாம் கைவிட்டுப் போன ஒருவரிடம் உறுதியாக ஒன்று இருந்தது, ஐயா. அது சரியாகவும் இருந்தது. அதைத் தவறு என்று தங்கள் இயந்திரம் சொல்லிவிட்டது, அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கவுண்டர் அம்மையார் மேல் காட்ட முடியாது. லைன்மேன் மேல் காட்ட முடியாது. சிஸ்டம் என்பவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

21. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ) இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் 274093 என்ற அதே எண்ணை அதே வீட்டுக்குத் திரும்ப இணைத்து, புதிய கருவிக்கு மாற்றப்படுவோர் பட்டியலிலும் சேர்க்க வேண்டும்.

ஆ) இனி அந்தத் தொலைபேசி பயன்படுத்தப்படவில்லை என்று கணினி நினைக்காதிருக்க, தினமும் ஓர் அழைப்பு வெளியே செய்ய உறுதி அளிக்கிறேன். யாருக்குச் செய்வது என்று யோசித்ததில், தங்கள் அலுவலக எண்ணே பொருத்தமாகப்பட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு அழைத்து, லைன் நலம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

இ) மேற்கண்ட இரண்டுக்கும் கோப்பு நகர நாளாகும் என்றால், இந்த மூன்றாவதை மட்டும் உடனே செய்து தர வேண்டும். இதற்கு ஒயர் வேண்டாம், கருவி வேண்டாம், மேலிட ஆணையும் வேண்டாம். துறையின் தாளில், முத்திரையோடு, தங்கள் கையெழுத்தில் இரண்டு வரி: "21.08.2019 அன்று தாங்கள் மருந்துக் கடையில் சொன்ன எண் சரியானது. தவறு எங்களுடையது." அக்காவுக்கு இன்னும் படிக்க வருகிறது. நான் சொன்னால் நம்பாதவர், டெலிபோன் ஆபீஸ் சொன்னால் நம்புவார்.

22. அந்தக் கடிதத்தை எனக்கு முகவரியிட வேண்டாம். குறுஞ்செய்தியாகவும் வேண்டாம். தபாலில், அக்காவின் பெயருக்கே அனுப்புங்கள். பெயர் அவருடைய ஓய்வூதியப் புத்தக நகலில் இருக்கிறது (இணைப்பு 2). உறையின் மேல் அதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், தபால்காரரிடம் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். தாமதம் மட்டும் வேண்டாம், ஐயா. இன்றைய தேதிக்குத் தன் பெயர் அவருக்கு நினைவிருக்கிறது.

தங்கள் பதிலை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
டைம் கீப்பர் (ஓய்வு),
சந்தாதாரர், 274093.

நாள்: 12.09.2019, காலை 11.40.
இடம்: தங்கள் அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டர் முன், வரிசையில்.